காக்கி ஒன்றுதான், வேலை ஒன்றா? ஊர்க்காவல் படையும் காவலர் பணியும்

காலேஜ் கல்ச்சுரல்ஸ் நாளில் மெயின் கேட் முன்னால் பஸ்ஸை நிறுத்தி, பைக்குகளை ஓரம் கட்டச் சொல்லி, நம்மைப் பத்திரமாக ரோட்டைக் கடக்க வைக்கும் காக்கிச் சட்டைக்காரரைப் பார்த்திருப்பீர்கள். தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒதுக்குபவர், தேர்தல் அன்று வாக்குச்சாவடி வாசலில் வரிசையைச் சரி செய்பவர், இரவு ரோந்தில் போலீஸ்காரரோடு இரண்டாவது ஆளாகப் போகிறவர் என்று பல இடங்களில் இவரைப் பார்க்கலாம். "போலீஸ்தானே?" என்று கேட்டால், பல நேரங்களில் பதில்: இல்லீங்க. அவர் ஊர்க்காவல் படைக்காரர். மறுநாள் காலையில் அவரே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார், அல்லது ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பார்.

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்கிற கேள்வி இது: "இத்தனை வருஷமா போலீஸ் வேலைதானே பார்க்கிறீங்க, உங்களையே போலீஸில் எடுத்துக்கிட்டா என்ன?"

கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்கு இரண்டு பக்கமும் நம் வயசு ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு பக்கம், வெயிலில் நின்று பணி செய்து, ஒருநாள் நிரந்தரம் ஆகிவிடும் என்று காத்திருக்கும் இளைஞர். இன்னொரு பக்கம், விடியற்காலையில் கிரவுண்டில் ஓடி, ராத்திரி லைப்ரரியில் உட்கார்ந்து காவலர் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் கிளாஸ்மேட். ஒருவருக்குக் கொடுக்கும் இடம் இன்னொருவருக்கு இல்லாமல் போகும் இடம். அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யார் இவர்கள்?

இந்தியாவில் ஊர்க்காவல் படை பிறந்தது 1946 டிசம்பர் 6 அன்று, பம்பாயில். அப்போது நடந்த கலவரங்களைக் கட்டுப்படுத்த, போலீஸுக்குக் கைகொடுக்க ஊர்மக்களிலிருந்தே ஆட்களைத் திரட்டினார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு, மாநிலங்களில் தனித்தனியாக இருந்த இதுபோன்ற தன்னார்வ அமைப்புகளை ஒரே மாதிரியான படையாக மாற்றச் சொன்னது மத்திய அரசு. அந்த வரிசையில் 1963-ல் சென்னை மாநிலத்துக்கும் ஒரு ஊர்க்காவல் படைச் சட்டம் வந்தது.

18 வயது முதல் 50 வயது வரை உள்ளவர்கள் இதில் சேரலாம் என்பது பொதுவான வரையறை. வேறு தொழிலில் இருந்துகொண்டே சேரலாம். அடிப்படைப் பயிற்சி உண்டு, வாராந்திர அணிவகுப்பு உண்டு, பிறகு அழைக்கும்போது பணிக்கு வர வேண்டும். பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில், போலீஸ்காரருக்கு உள்ள அதிகாரமும் சட்டப் பாதுகாப்பும் இவர்களுக்கும் உண்டு என்று ஊர்க்காவல் படைச் சட்டங்கள் சொல்கின்றன.

அதாவது, டியூட்டி நேரத்தில் ஏறக்குறைய போலீஸ். டியூட்டி முடிந்ததும் சாதாரண ஆள். சிக்கலே இந்த 'ஏறக்குறைய'வில்தான் இருக்கிறது.

'தன்னார்வலர்' என்ற ஒரு சொல்

ஊர்க்காவல் படைக்காரருக்குச் சம்பளம் கிடையாது, பணிப்படிதான். தன்னார்வலருக்கு எதற்குச் சம்பளம் என்பது இதன் பின்னால் உள்ள லாஜிக். ஆரம்ப காலத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். வக்கீலும் வியாபாரியும் வாரத்தில் சில மணி நேரம் ஊருக்காக ஒதுக்குவது ஒரு விஷயம். வேறு வருமானமே இல்லாமல் இதையே நம்பி ஒரு இளைஞர் வருவது முற்றிலும் வேறு விஷயம். இரண்டு பேருக்கும் சட்டம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இமாசலப் பிரதேசம், பஞ்சாப், டெல்லி ஊர்க்காவல் படையினர் தங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று கேட்ட வழக்கில், 2015 மார்ச் 11 அன்று தீர்ப்பு வந்தது. அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன.

முதல் பகுதி: நிரந்தரமாக்க முடியாது. இது தன்னார்வ அமைப்பு. இவர்கள் அரசு ஊழியர்களாக நியமிக்கப்பட்டவர்கள் இல்லை.

இரண்டாவது பகுதி: பணியில் இருக்கும்போது இவர்கள் போலீஸ் அதிகாரத்தோடு வேலை செய்கிறார்கள். அதனால், 30 நாள் கணக்குப் போட்டால் அந்த மாநிலத்தின் காவலர் பெறும் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமாக வரும்படி தினசரிப் பணிப்படியை நிர்ணயிக்க வேண்டும்.

நல்ல தீர்ப்புதானே என்று தோன்றும். ஆனால் நாம் இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்ஸ் ஆச்சே, ஃபார்முலாவைப் பார்த்தால் வேரியபிள் எது என்று தேடுவோமில்லையா? தமிழ்நாட்டில் பணிப்படி நாளுக்கு 560 ரூபாய் என்று உயர்ந்தபோது கணக்கு இப்படி இருந்தது: 560 x 30 = 16,800 ரூபாய். ஆனால் மாதம் 30 நாளும் கூப்பிட்டால்தானே 16,800? பத்து நாள் கூப்பிட்டால் 5,600. ஐந்து நாள் கூப்பிட்டால் 2,800. தீர்ப்பு ஒரு நாளின் மதிப்பைக் காப்பாற்றியது. எத்தனை நாள் கூப்பிட வேண்டும் என்பதை அரசிடமே விட்டுவிட்டது. ரேட் ஏறினாலும் நாட்கள் குறைந்தால் வீட்டுக்குப் போகும் தொகை ஏறாது.

அப்படியே நிரந்தரம் ஆக்கிவிட்டால் என்ன?

இங்கே இன்னொரு தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. 2006 ஏப்ரல் 10 அன்று, கர்நாடக அரசு எதிர் உமாதேவி என்ற வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொன்னது இது: தற்காலிகமாக, தினக்கூலியாக, ஒப்பந்தமாக வேலைக்கு வந்தவர்கள் நீண்ட நாள் வேலை பார்த்தார்கள் என்பதற்காக மட்டும் நிரந்தரப் பணியை உரிமையாகக் கேட்க முடியாது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், தகுதியோடு, நீதிமன்ற உத்தரவுகளின் துணை இல்லாமல் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு முறை விதிவிலக்கு கொடுத்தது.

காரணம், அரசியல் சாசனத்தின் 16-வது பிரிவு. அரசு வேலை என்றால் எல்லோருக்கும் சம வாய்ப்பு வேண்டும். பேப்பரில் அறிவிப்பு, விண்ணப்பம், தேர்வு, இட ஒதுக்கீடு எல்லாம் அதற்காகத்தான். பின் கதவு வழியாக ஆயிரம் பேரைச் சேர்த்தால், அறிவிப்புக்காகக் காத்திருந்த ஆயிரம் பேருக்கு முன் கதவு மூடிவிடும். அந்த ஆயிரம் பேர் கோர்ட்டுக்கு வரவில்லை என்பதால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது.

இந்தத் தீர்ப்பை அரசுத் துறைகள் ஒரு கேடயமாகவும் பயன்படுத்தத் தொடங்கின. வருஷக்கணக்கில் நிரந்தர வேலையை தற்காலிக ஆட்களிடம் வாங்கிக்கொண்டு, கேட்டால் 'உமாதேவி' என்று சொல்வது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. மத்திய நீர்வள ஆணையத்தில் பல்லாண்டுகளாகத் துப்புரவு, தோட்டப் பராமரிப்பு வேலை செய்தவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஊர்க்காவல் படைக்காரரின் நிலை அதிலிருந்து வேறு. அவர் சேரும்போதே 'தன்னார்வலர்' என்று கையெழுத்துப் போட்டுத்தான் சேர்கிறார். அந்தச் சொல் அவரோடு கடைசி வரை வருகிறது.

வேறு வழிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி வேலை செய்கிறது.

*முதல் வழி: ஆரம்பத்திலேயே சட்டம் போட்டுப் பாதை அமைப்பது.* நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2013-ல் தமிழ்நாடு சிறப்புக் காவல் இளைஞர் படை என்று ஒன்றை அரசு உருவாக்கியது. அதற்கென்று தனிச் சட்டம். எழுத்துத் தேர்வு, உடல்தகுதி எல்லாம் வைத்து சுமார் பத்தாயிரம் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் 7,500 ரூபாய் தொகுப்பூதியம். வண்டி ஓட்டுவது, தபால் கொண்டுபோவது, கம்ப்யூட்டர் வேலை என்று போலீஸுக்கு உதவியான பணிகள். ஒரு வருஷம் முடித்தவர்கள் சிறப்புத் தேர்வு எழுதி இரண்டாம் நிலைக் காவலர் ஆகலாம் என்பது திட்டம். அதன்படி ஆயிரக்கணக்கானவர்கள் பின்னர் காவலர்களானார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இவர்கள் உள்ளே வரும்போதே பொது அறிவிப்பு, பொதுத் தேர்வு வழியாக வந்தார்கள். அடுத்த படி எது என்பதும் ஆரம்பத்திலேயே சட்டத்தில் இருந்தது. ஊர்க்காவல் படையில் இந்த இரண்டும் இந்த வடிவில் கிடையாது.

*இரண்டாவது வழி: பொதுத் தேர்வுக்குள் தனி ஒதுக்கீடு.* ஆந்திராவும் தெலங்கானாவும் இந்த வழியில் போகின்றன. அங்கே காவலர் தேர்வு அறிவிப்புகளில் ஊர்க்காவல் படையினருக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. குறிப்பிட்ட அளவு பணி நாட்கள் முடித்தவர்கள்தான் அதில் போட்டியிடலாம். தேர்வு எழுத வேண்டும், ஓட வேண்டும், தகுதி பெற வேண்டும். சலுகை உண்டு, ஆனால் விலக்கு இல்லை.

*மூன்றாவது வழி: எந்தச் சலுகையும் இல்லாமல், அனுபவத்தை மட்டும் கையில் கொண்டு வரிசையில் நிற்பது.* இங்கிலாந்தில் 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. சம்பளம் வாங்காத தன்னார்வப் போலீஸ். சாதாரண கான்ஸ்டபிளுக்கு உள்ள அதே கைது அதிகாரம் இவர்களுக்கும் உண்டு. இவர்களில் முழுநேர வேலைக்கு வர விரும்புகிறவர்கள் தனியாக விண்ணப்பித்துத்தான் வர வேண்டும். ஆனால் அங்கே பெரும்பாலும் வேறு வேலை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் என்பதால், 'தன்னார்வலர்' என்ற சொல் அவர்களை அவ்வளவாகக் கடிப்பதில்லை.

கதவை முழுசாகத் திறந்தால் என்ன ஆகும்?

"சட்டம், தீர்ப்பு எல்லாம் இருக்கட்டும். அனுபவம் இருக்கிறவரை எடுத்துக்கொள்வதில் என்ன ஆபத்து?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நம் ஊரை விட்டு சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே நடந்தது ஊர்க்காவல் படை இல்லை. ஆனால் உள்ளூர் ஆட்களைக் குறைந்த பணத்துக்கு போலீஸாக்குவது என்ற யோசனையின் எல்லை எது என்று அது காட்டுகிறது.

மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அங்கே உள்ளூர் பழங்குடி இளைஞர்களை 'சிறப்பு போலீஸ் அதிகாரிகள்', சுருக்கமாக எஸ்.பி.ஓ., என்று நியமித்தார்கள். மதிப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் முன்னுரிமை. குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, கையில் துப்பாக்கியும் கொடுத்தார்கள். 2011 ஜூலை 5 அன்று நந்தினி சுந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. தகுதியும் பயிற்சியும் போதாத இளைஞர்களை ஆபத்தான முன்வரிசையில் நிறுத்துவது அவர்களின் சமத்துவ உரிமையையும் உயிர் வாழும் உரிமையையும் மீறுகிறது என்பது தீர்ப்பின் சாரம். அவர்களால் பாதிக்கப்படும் மக்களின் உரிமையையும் சேர்த்தே நீதிமன்றம் பேசியது.

அதற்குப் பிறகு சத்தீஸ்கர் அரசு என்ன செய்தது தெரியுமா? அதே 2011-ல் ஒரு சட்டம் இயற்றி, துணை ஆயுதப் போலீஸ் படை ஒன்றை உருவாக்கி, அந்த எஸ்.பி.ஓ.க்களையே அதற்குள் கொண்டு வந்தது. அவர்களுக்கு வேலை உறுதியானது உண்மை. ஆனால் 'இவர் போலீஸ் வேலைக்குத் தயாரானவரா?' என்ற கேள்வியைத் தேர்வுக்கு முன்னால் கேட்காமல், வேலை கொடுத்த பிறகு கேட்கும் நிலை வந்தது.

அவ்வளவு தூரம் போகாமல் நம் மாநிலத்திலும் ஒரு பாடம் உண்டு. 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பு நினைவிருக்கிறதா? போலீஸுக்கும் மக்களுக்கும் பாலமாக இருக்க வேண்டும் என்று வந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த கொடுமைக்குப் பிறகு, ஸ்டேஷனுக்குள் தன்னார்வலர்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுந்தது. 2020 ஜூலையில் தமிழக அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது.

போலீஸ் வேலை என்பது கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது மட்டும் இல்லை. ஒருவரைக் கைது செய்தால் எத்தனை மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், ஒரு பெண் புகார் கொடுக்க வந்தால் எப்படிப் பதிவு செய்ய வேண்டும், தடயத்தை எப்படிக் கெடுக்காமல் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக் கற்க வேண்டியவை. டிராஃபிக்கில் பத்து வருஷம் நின்ற அனுபவம் உண்மையானது, மதிப்பானது. ஆனால் அது இந்தப் பயிற்சிக்கு மாற்று ஆகாது.

வயசு என்னும் பூட்டு

இதுவரை சொன்னதில் பேசாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதுதான் நடைமுறையில் பலரைத் தடுக்கிறது.

ஊர்க்காவல் படையில் 50 வயது வரை சேரலாம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31. இப்போது கணக்குப் போடுங்கள். 20 வயதில் சேர்ந்து, 'சீக்கிரம் நிரந்தரம் பண்ணிடுவாங்க' என்று நம்பி எட்டு வருஷம் பணி செய்த ஒருவருக்கு 28 வயசு. பொதுப் பிரிவு என்றால் கதவு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே மூடிவிட்டது. எந்த அனுபவத்தை வைத்து அவர் வேலை கேட்கலாம் என்று நினைத்தாரோ, அந்த அனுபவத்தைச் சேர்க்கும் நேரத்திலேயே தகுதி போய்விட்டது.

யாரும் அவரை ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. இரண்டு விதிகளை இரண்டு பேர் தனித்தனியாக எழுதினார்கள், நடுவில் ஒரு ஆள் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

எது நியாயமான வழி?

என் கருத்தைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

எல்லோரையும் ஒரே கையெழுத்தில் காவலராக்குவது தவறு. அது காத்திருக்கும் மற்றவர்களுக்கும் நியாயம் இல்லை, நாளை அந்தக் காவலரிடம் புகார் கொடுக்கப் போகும் நமக்கும் நல்லது இல்லை. அதே சமயம், 'நீங்க தன்னார்வலர்தானே' என்று சொல்லி பத்து வருஷ உழைப்பைப் பூஜ்யமாகக் கணக்கிடுவதும் தவறு. வேலை வாங்கும்போது போலீஸ், கூலி கேட்கும்போது தன்னார்வலர் என்று ஒரே ஆளை இரண்டு விதமாக எண்ண முடியாது.

நடுவில் ஒரு பாதை போடலாம். பணி செய்த ஒவ்வொரு நாளும் பதிவாக வேண்டும். அந்த நாட்களைக் கணக்கிட்டு வயது வரம்பில் தளர்வு தர வேண்டும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குக் காவலர் தேர்வில் சிறப்பு மதிப்பெண் தருகிறார்கள் அல்லவா? அதே தர்க்கம் ஊர்க்காவல் பணிக்கும் பொருந்தும். ஒரு சிறு ஒதுக்கீடு இருக்கலாம். எழுத்துத் தேர்வும் உடல்தகுதியும் முழுப் பயிற்சியும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இதெல்லாம் சேரும் நாளிலேயே எழுத்தில் கையில் கிடைக்க வேண்டும்.

நீங்கள் சேர நினைத்தால்

ஊர்க்காவல் படை மோசமான இடம் இல்லை. ஒழுக்கம், கூட்டத்தைக் கையாளும் பொறுமை, ஸ்டேஷன் எப்படி இயங்குகிறது என்ற அறிமுகம், வெள்ளத்திலும் விபத்திலும் உதவும் பயிற்சி எல்லாம் கிடைக்கும். சமூகத்துக்கு ஏதாவது செய்யணும் என்று நினைத்தால் தாராளமாகச் சேருங்கள்.

ஆனால் காவலர் வேலைதான் இலக்கு என்றால், அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சேரும் முன்னால் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மாதம் எத்தனை நாள் பணி கிடைக்கும், அந்த நாட்களுக்குச் சான்றிதழ் தருவார்களா, அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பு வரும்போது உங்கள் வயது என்னவாக இருக்கும். பணிக்குப் போய்க்கொண்டே தேர்வுக்கும் விண்ணப்பியுங்கள், ஒரு அறிவிப்பைக்கூட விடாதீர்கள். ஏற்கனவே படையில் இருக்கும் அண்ணனோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அவர்களுடைய பிறந்த தேதியையும் உச்ச வயதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த கல்ச்சுரல்ஸில் கேட் முன்னால் அவர் நின்றால், ஒரு வணக்கம் வையுங்கள். அப்படியே, "அண்ணா, எக்ஸாம் அப்ளை பண்ணிட்டீங்களா?" என்றும் கேளுங்கள்.